வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு

முதல் கூட்டத்தில் எனக்குக் கிடைத்தவை காகிதக் கோப்பையில் தேநீர், இரண்டு பிஸ்கட், நீளமான பதிவேடு ஒன்று. பதிவேடு கைமாறி என்னிடம் வந்தபோது பக்கத்தின் மேல் பாதி காலியாக இருந்தது. கீழே பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினோராவதாக நானும் போட்டுவிட்டுக் கடையைத் திறக்க ஓடினேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அதே பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. காலியாக இருந்த இடத்தில் அழகான கையெழுத்தில் நான்கு வரிகள். பழுதடைந்த ஒலிபெருக்கியை மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தோமாம். அந்த ஏகமனதில் என் மனமும் ஒன்று. இதில் திருட்டு எதுவும் இல்லை. ஒலிபெருக்கி வாங்கியது உண்மை, காலை வணக்கக் கூட்டத்துக்கு அது தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் அதே நாள்களில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைகளில் ஒன்றுக்குக்கூடத் தாழ்ப்பாள் இல்லை. என் மகள் உள்ளே போனால் தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதைச் சொல்ல வேண்டிய ஒரே இடம் அந்தக் கூட்டம். நான்தான் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்திருந்தேன்.

வடசென்னையில் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றின் அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். அந்தக் குழுவில் சில ஆண்டுகள் இருந்து தட்டுத் தடுமாறிக் கற்றதை, இப்போது புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், எந்தக் குழு?

பள்ளியில் பெற்றோர் அமைப்பு என்று இரண்டு இருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் பழையது. ஆண்டு விழா, நன்கொடை, சங்க உறுப்பினர் கட்டணம் எல்லாம் அதன் வழியே நடக்கும். பள்ளி மேலாண்மைக் குழு வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் உருவாக்கிய குழு அது. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மூன்றுக்கும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் இது ஆலோசனை சொல்லும் அளவோடு நின்றுவிடும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கட்டண நிர்ணயக் குழுதான் வழி. அது வேறு கதை.

சட்டம் இந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் இரண்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது ஒன்று. அரசோ உள்ளாட்சியோ வேறு யாரோ கொடுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இன்னொன்று. "உங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால், சட்டம் கொடுத்த வேலை என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்வேன். குரலை உயர்த்தத் தேவையே வந்ததில்லை.

குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்பதும் சட்டம்தான். தமிழ்நாட்டில் 2022இல் மாநிலம் முழுவதும் குழுக்களை மாற்றி அமைத்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடியும் அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. பதவிக்காலம் இரண்டு ஆண்டு. தலைவர் பெற்றோரில் ஒருவர். தலைமை ஆசிரியர் உறுப்பினர் செயலர், அதாவது கூட்டத்தைக் கூட்டுபவர். அவர் தலைவர் அல்ல. பல பள்ளிகளில் தலைவராக இருக்கும் அம்மாவுக்கே இது தெரியாது. நான் பார்த்த ஒரு தலைவர் தலைமை ஆசிரியர் உட்காரச் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உறுப்பினர் தேர்வு பெற்றோர் அனைவரும் கூடும் கூட்டத்தில் நடக்கும். "யார் வருகிறீர்கள்?" என்று கேட்டவுடன் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கையைத் தூக்கினால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தூக்குங்கள். தனி ஆளாகக் குழுவுக்குள் போனவர்கள் மூன்றாவது மாதமே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தேர்வு முடிந்த பிறகு பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கிறீர்களா? அதனால் ஒன்றும் மோசமில்லை. பிள்ளை பள்ளியை முடித்துப் போனால் அந்த உறுப்பினரின் இடம் காலியாகும், விசாரித்து வையுங்கள். உறுப்பினராகாமலேகூட மேம்பாட்டுத் திட்டத்துக்கு யோசனை எழுதிக் கொடுக்கலாம், கூட்டக் குறிப்பைக் கேட்டுப் பார்க்கலாம். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி கூட்டம் மாதம் ஒரு முறையாவது நடக்க வேண்டும், அதன் குறிப்புகள் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் கூட்டத்துக்குப் போனால், எதைக் கேட்டாலும் "நிதி இல்லை அம்மா" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். எந்த நிதி இல்லை என்று திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும்.

நம் கைக்கு எட்டுவது ஒருங்கிணைந்த பள்ளி மானியம். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆண்டுக்கு ஒரு முறை ஒதுக்குவார்கள். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லைக்கோட்டில் நிற்கும் பள்ளிகளின் நிலைமை புரியும். 248 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் மூன்று பேர் கூடினால் 25,000 ரூபாய் கூடும். சேர்க்கை நேரத்தில் தலைமை ஆசிரியர் வீடு வீடாக வந்து கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழுதான பொருள்களை மாற்ற, சுண்ணக்கட்டி முதல் ஆய்வகப் பொருள் வரை வாங்க, மின் கட்டணம், இணையம், குடிநீர், கற்றல் கருவிகள், கட்டடத்திலும் கழிப்பறையிலும் சிறு பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு இந்தப் பணத்தைச் செலவிடலாம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கே போக வேண்டும் என்பது நிபந்தனை. 50,000 ரூபாய் மானியம் என்றால் 5,000 ரூபாய். எங்கள் தாழ்ப்பாள் பிரச்சினையின் விடை இந்த ஒரு வரியில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

விளையாட்டுப் பொருள்களுக்குத் தனிப் பணம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை. நூலகத்துக்கும் தனியாக உண்டு. ஆகவே பந்து வாங்கிய செலவு பள்ளி மானியக் கணக்கில் தென்பட்டால், விளையாட்டு மானியம் வந்ததா என்று விசாரிக்கலாம். சந்தேகமாகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளும் தோரணையில் கேளுங்கள்.

இந்தப் பணம் வருகிற விதத்தையும் சொல்ல வேண்டும். பழைய நாள்களில் குழுவின் வங்கிக் கணக்குக்கு மொத்தமாக வரும், தலைவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்திடுவார்கள். 2021க்குப் பிறகு மத்திய அரசுத் திட்டங்களில் முறை மாறிவிட்டது. கணக்கில் இருப்பு இருக்காது, செலவு செய்ய ஒரு வரம்பு மட்டும் கொடுப்பார்கள். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காதது கைவிட்டுப் போகும். நிதி தாமதமாக வந்தால் எல்லாவற்றையும் மார்ச் மாதத்தில் அவசர அவசரமாக வாங்குவார்கள். அந்த அவசரத்தில்தான் தேவையில்லாத பொருள்கள் பள்ளிக்குள் வருகின்றன. எங்கள் பள்ளி அலமாரியில் உறை பிரிக்காத சுவர்க் கடிகாரங்கள் நான்கு இருக்கின்றன. மார்ச் மாதத்துக் கடிகாரங்கள்.

2024-25இல் இன்னொரு சிக்கல். தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்திலும் தேசியக் கல்விக் கொள்கையிலும் மாநிலம் ஒப்பந்தம் போட மறுத்ததால், சமக்ர சிக்ஷாவில் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது என்று தமிழ்நாடு அரசு சொன்னது. 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது விவகாரம். ஆக, உங்கள் தலைமை ஆசிரியர் "மானியம் வரவில்லை" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

மற்ற வாய்க்கால்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சிப் பள்ளியென்றால் கட்டடம், சுற்றுச்சுவர், தண்ணீர்க் குழாய் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. நீங்கள் கட்டும் சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருப்பது பலருக்குத் தெரியாது. வாடகை வீட்டில் இருந்தாலும் வீட்டுக்காரர் அதை உங்கள் வாடகையிலிருந்துதான் கட்டுகிறார், கூச்சப்பட வேண்டாம். மாமன்ற உறுப்பினருக்கு வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தொகுதி நிதி உண்டு. 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொண்டுவந்தால் மீதியை அரசு போடும். பெருநிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் தரும் நன்கொடைக்கென 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வந்தது.

பேனாவோடு ஒரு சுற்று

திட்டம் எழுதும் முன் பள்ளியை ஒரு முறை சுற்றி வாருங்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு. வகுப்பு நடக்கும்போது வேண்டாம், மதிய உணவு நேரம் நல்லது.

அவசியம் பார்க்க வேண்டியது கழிப்பறை, குடிநீர், மின்கம்பி. அலுவலக அறையின் தரை ஓடுகளைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். வெறுமனே பார்த்துவிட்டு வராதீர்கள், எண்ணுங்கள். எங்கள் சுற்றில் என் குறிப்பேட்டில் ஏறியது இது:

பெண்கள் கழிப்பறை 4. கதவு உள்ளது 4. தாழ்ப்பாள் 0. மக் 1. வாளி 2, ஒன்று ஓட்டை. குழாய் 3, தண்ணீர் வருவது 1. கொக்கி இல்லை, பையைத் தரையில்தான் வைக்க வேண்டும். குப்பைக் கூடை இல்லை.

கடைசி இரண்டையும் நாங்கள் கவனித்திருக்க மாட்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சொன்னார்கள். மாதவிடாய் நாள்களில் கூடை இல்லாமல் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போய்விடுவோம் ஆண்ட்டி" என்றார்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருகைப் பதிவேட்டில் விழுந்த ஓட்டைக்குக் காரணம் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை இல்லாததுதான். கூட்டத்தில் நான் பேசிய எதையும்விட இந்த ஒரு தகவல்தான் எடுபட்டது. அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமன்ற உறுப்பினர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

ஆகவே பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆசிரியர் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

டிசம்பருக்கு முன் எழுதுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, செலவான பிறகு கணக்குக் கேட்பது. கணக்கு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அப்போது பணம் போய்விட்டிருக்கும், பொருள் வந்துவிட்டிருக்கும். மிஞ்சுவது மனக்கசப்பு ஒன்றுதான். பெற்றோரின் சொல் எடுபடுவது பணம் வருவதற்கு முன்னால். மேம்பாட்டுத் திட்டத்தை நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே தயாரிக்க வேண்டும் என்பது மாதிரி விதி. மார்ச்சில் ஆண்டு முடிகிறது, ஆகவே டிசம்பர். சென்னையில் டிசம்பர் என்றால் மழை, புயல், விடுமுறை, அரையாண்டுத் தேர்வு. எனவே அக்டோபரிலேயே தொடங்குங்கள்.

எழுதும்போது "கழிப்பறை வசதியை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், எதுவும் நடக்கவும் நடக்காது. என்ன பொருள், எத்தனை, எங்கே, தோராயமாக என்ன விலை, எந்தப் பணத்திலிருந்து, யார் வாங்கி வருவது, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். எங்கள் வரி இப்படி இருந்தது: "பெண்கள் கழிப்பறை நான்குக்கும் உட்புற எஃகுத் தாழ்ப்பாள் 4, சுவர்க் கொக்கி 4, மூடியுள்ள கூடை 4, மக் 4, குழாய் 2. பள்ளி மானியத்தின் தூய்மைப் பங்கிலிருந்து. ஜனவரி 15க்குள்." விலையை நானே பாரிமுனைப் பக்கம் இரண்டு கடைகளில் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆண்டர்சன் தெருவுக்குக் காகிதம் வாங்கப் போகிற வழிதான். விலை தெரிந்து வருகிற ஆளிடம் "அதெல்லாம் நிறைய ஆகும்" என்று சொல்ல முடியாது.

ஒரு திட்டத்தில் முப்பது கோரிக்கைகளை அடுக்க வேண்டாம். ஸ்மார்ட் வகுப்பறை, ஆழ்துளைக் கிணறு, கலையரங்கம் என்று நீளும் பட்டியலின் நடுவில் தாழ்ப்பாள் காணாமல் போகும். மானியத்தில் முடிகிற ஐந்தை ஒரு தாளிலும், மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய பெரிய வேலைகளை இன்னொரு தாளிலும் பிரித்து எழுதுங்கள். இந்தப் பிரிவினையைச் செய்யாததால்தான் பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே தீர்மானத்தைப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

கூட்ட நாளில்

கூட்டம் பொதுவாக வெள்ளிக்கிழமை பிற்பகலில் இருக்கும். தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். காலையில் பிள்ளையின் நாட்குறிப்பில் "இன்று மாலை 3 மணிக்கு வரவும்" என்று எழுதி அனுப்பினால் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவால் எப்படி வர முடியும்? ஒரு வாரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதையே முதல் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். யாரும் எதிர்க்க முடியாத தீர்மானம் இது. குழுவுக்குப் பழக்கம் ஆகவும் நல்லது.

உங்கள் கோரிக்கையை வாயால் சொல்வதோடு எழுத்திலும் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பேசி முடித்ததும் தீர்மானத்தை அங்கேயே எழுதச் சொல்லி, உரக்கப் படிக்கச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். "நேரமாகிவிட்டது, நான் எழுதிக்கொள்கிறேன்" என்பார்கள். "பரவாயில்லை சார், நான் எழுதித் தருகிறேன்" என்று பேனாவை எடுங்கள். எழுதப் படிக்கத் தடுமாறுகிற உறுப்பினர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவருடைய கைநாட்டும் ஒரு வாக்குதான். எழுதிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள். வங்கியில் பணம் கட்டும் சீட்டில் போடுவோமே, அதே கோடு. என் கதையில் நடந்தது உங்களுக்கு நடக்காமல் இருக்க அது போதும்.

கடைசியாகப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானங்களைப் பதிவு செய்யக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியும் இருக்கிறது. அதில் ஏறியதும் தாளில் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். தாளில் "தாழ்ப்பாள் 4" என்று இருந்தது எங்கள் செயலியில் "கழிவறை பராமரிப்பு" என்று சுருங்கி ஏறியிருந்தது. கேட்டவுடன் திருத்திவிட்டார்கள்.

பில்லைப் படிப்பது

செலவு முடிந்ததும் மூன்று தாள்களைப் பார்க்க வேண்டும். தீர்மானம், பில், இருப்புப் பதிவேடு. மூன்றிலும் ஒரே பொருள், ஒரே எண்ணிக்கை இருந்தால் சரி. பில்லில் கடைப் பெயர், தேதி, ஜி.எஸ்.டி. எண், ஒரு பொருளின் விலை இருக்க வேண்டும். "இதர பொருள்கள்" என்று ஒட்டுமொத்தமாக ஒரு தொகை இருந்தால் பிரித்துக் கேளுங்கள். பிறகு அந்தப் பொருளை நேரில் போய்ப் பாருங்கள்.

இங்கே நான் பட்ட அவமானம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முறை நகல் எடுத்த பில் ஒன்று வந்தது. என் தொழிலே அதுதான், ஒரு பக்கத்துக்கு என்ன விலை என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். தொகை இரண்டு மடங்காக இருந்தது. எல்லோர் முன்னிலும், கொஞ்சம் எகத்தாளமாகவே கேட்டுவிட்டேன். தலைமை ஆசிரியர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஆறு தடித்த பதிவேடுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கிழிந்து போன பழைய சேர்க்கைப் பதிவேடுகளுக்கு அட்டை கட்டிய கூலியும் அதே பில்லில் இருந்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருகிற முன்னாள் மாணவர்களுக்காகச் செய்தது. போதாததற்கு, மானியம் வராத மாதங்களில் தன் கைப்பணத்தைப் போட்டு மின் கட்டணம் கட்டியிருக்கிறார். அது எந்தத் தாளிலும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கேள்வியையும் முதலில் தனியாகக் கேட்கிறேன், பதில் வராவிட்டால்தான் கூட்டத்தில் கேட்கிறேன்.

கையை மீறிய வேலைகள்

ஒழுகும் கூரை, இடிந்த சுற்றுச்சுவர், புதுக் கழிப்பறை எல்லாம் மானியத்தில் அடங்காது. தீர்மான நகலை இணைத்து, மண்டல அலுவலகத்துக்கும் உங்கள் வார்டு உதவிப் பொறியாளருக்கும் ரிப்பன் மாளிகையில் உள்ள மாநகராட்சிக் கல்வித் துறைக்கும் கடிதம் கொடுங்கள். மதிப்பீடு தயாரிக்கச் சொல்லிக் கேட்பதுதான் முதல் படி. மதிப்பீடு இல்லாமல் மாமன்ற உறுப்பினரிடம் போனால் "பார்க்கலாம் அம்மா" என்பார். தொகை எழுதிய தாளோடு போனால் வார்டு நிதியில் சேர்க்க முடியுமா முடியாதா என்று அவர் சொல்லியாக வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு உங்கள் குழுவிலேயே இடம் உண்டு என்பதால் அவர் வருகிற கூட்டமே நல்ல சந்தர்ப்பம். வார்டு அளவில் பகுதி சபை நடந்தால் அங்கும் எழுப்புங்கள். சாலையையும் கொசுவையும் பற்றிப் பேசும் கூட்டத்தில் பள்ளியைப் பற்றி ஒருவர் பேசினால் தனியாகக் கேட்கும்.

அறுந்து தொங்கும் மின்கம்பி, விழும் நிலையில் உள்ள சுவர் போன்றவற்றுக்குக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். மாநகராட்சியின் 1913க்கு அன்றே பேசிப் புகார் எண் வாங்குங்கள்.

எங்கும் பதில் இல்லையென்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417, 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புத் துறையின் உதவி எண் 1100. அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. என் கடைக்கு இந்த மனுக்களை நகல் எடுக்க வருகிறவர்கள் ஏராளம். பெரும்பாலான மனுக்களில் "ஏன் செய்யவில்லை?" என்ற கேள்வி இருக்கும். ஏன் என்று கேட்டால் அது தகவலே இல்லை என்று தட்டிக் கழிக்கலாம். ஆவணம் கேளுங்கள்: இன்ன ஆண்டில் இந்தப் பள்ளிக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, செலவுச் சீட்டுகளின் நகல், பயன்பாட்டுச் சான்றிதழின் நகல். ஆனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதமே மனுப் போட்ட பெற்றோரிடம் பிறகு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பிள்ளை அதே பள்ளியில்தான் இன்னும் ஐந்தாண்டு படிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. நிதி வரவில்லை என்றால் பெற்றோரிடம் தலைக்கு நூறு ரூபாய் வசூலிக்கலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், நல்ல மனதோடுதான். எங்கள் பள்ளியில் அதை மறுத்தோம். கொடுக்க முடியாதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள், அவர்கள் வராத கூட்டத்தில் யாருடைய தேவையைப் பேசுவது?

வியாழக்கிழமை மாலை

கடைசியாக, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஒரு வேலை. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது தினக்கூலிக்காரர்களுக்கு அரை நாள் சம்பளம். எங்கள் குழுவில் மீன் விற்கும் அக்கா ஒருவர், ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை செய்யும் மூன்று பேர். பாதிக் கூட்டங்களுக்கு இவர்களால் வர முடியவில்லை. எனவே முந்தின நாள் வியாழக்கிழமை இரவு ஏழரை மணிக்கு என் கடை வாசலில் கூட ஆரம்பித்தோம். அரை மணி நேரம்தான். மறுநாள் என்ன கேட்பது, யார் பேசுவது என்று முடிவு செய்துவிடுவோம். வர முடியாதவர்கள் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அதைக் கூட்டத்தில் வாசிப்பேன்.

தாழ்ப்பாள்கள் பொங்கல் விடுமுறை முடிந்து வந்தன. நான்கு வாங்கியதில் ஒன்று அடுத்த மாதமே கழன்றுவிட்டது, திருகாணி சின்னது. ஆட்டோ அண்ணன் தன் பெட்டியிலிருந்து பெரிய திருகாணிகள் நான்கை எடுத்து, வெள்ளிக்கிழமை காலை சவாரிக்கு முன்னால் வந்து முடுக்கிவிட்டுப் போனார். அன்று மாலை பதிவேட்டில் அதையும் எழுதினோம், செலவு இல்லை என்று.